ஐட்லிங் ஸ்க்ரூவில் ஒன்றரைச் சுற்று

உங்கள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஏதாவது பேசுங்கள் என்றார். எனக்கு மேடைப்பேச்சு வராது. நீங்கள் வண்டியில் வயரைச் சொருகி கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கிற வித்தையும் எனக்குத் தெரியாது. முடியாது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் போன வாரம் மருமகனோடு இங்கே வந்தபோது ஒரு பேச்சு காதில் விழுந்தது. அதனால்தான் வந்தேன்.

ஒரு டிரைவர், வயசானவர், உங்களில் ஒருவரிடம் வந்து, சிக்னலில் நிற்கும்போது வண்டி முன்னால் தள்ளுகிறது என்று சொன்னார். கேட்டவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆட்டோமேடிக்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொன்னார். அந்த டிரைவர் திரும்பி வண்டிக்குப் போய்விட்டார். யார் சொன்னது என்று நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். முகம் மாறிய ஒருவரை இங்கிருந்தே பார்க்கிறேன், போகட்டும். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை நானும் சொன்னவன்தான்.

ஐம்பதுகளின் நடுவில், ஒசூரில் கிருஷ்ணகிரி ரோட்டை ஒட்டி இருந்த ஒரு ஷெட்டில் நான் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் மெக்கானிக். சிப்காட்டும் இல்லை, கம்பெனிகளும் இல்லை. லாரி, பஸ், நாலைந்து பணக்காரர்களின் கார், அவ்வளவுதான் எங்கள் உலகம். வயசு இருபத்தெட்டு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவேன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை அதிகமாக நம்பினவன் நான்தான்.

கெலமங்கலம் போகிற வழியில் பெரிய தோட்டத்துக்கு நடுவே ஒரு பங்களா இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் பங்களா ஐயா என்பார்கள். அவர், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து அமெரிக்கக் கார் ஒன்றை பெங்களூரில் வாங்கி வந்தார். படகு மாதிரி நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி, அதற்கு நேரே எழுத்துகள். 'என்' என்றால் சும்மா நிற்கும். 'டி' என்றால் ஓடும். கிளட்ச் இல்லாமல் வண்டி எப்படி நகரும் என்று பார்க்க பஸ் டிரைவர்கள்கூட எங்கள் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதை ஓட்டினவர் முனியப்பா. என் வயசுதான். வீட்டில் தெலுங்கு, பங்களாவில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் மெதுவாகத்தான் பேசுவார். தோட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். மனைவி எல்லம்மா பட்டுப்பூச்சிக்கு மல்பெரி இலை பறிக்கிற வேலை. இரண்டு கையாலும் அவர் பறிக்கிற வேகத்தைப் பார்த்தால் கண்ணைக் கட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இது பாதிதான் தெரியும், அந்தப் பாதிதான் வினையானது. சாதாரண வண்டியில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் தனி, சக்கரம் தனி. இந்த வண்டியில் அப்படிப் பிரிவதே இல்லை. எண்ணெய்க்குள் எதிரெதிராக இரண்டு சக்கரம். இன்ஜின் ஒன்றைச் சுற்றினால், எண்ணெய் போய் மற்றதைத் தள்ளும். 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கிறீர்கள் என்றால் வண்டி ஓய்வாக நிற்கவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தின மாடு போல நிற்கிறது. இன்ஜின் சும்மா ஓடுகிற வேகம் சரியாக இருந்தால் மாடு சாது. அந்த வேகம் கூடினால் மாட்டுக்கு வெறி பிடிக்கும். கயிறு டிரைவரின் காலில் இருக்கிறது.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கார் ஷெட்டுக்கு வந்தது. முந்தின நாள் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் மானம் போய்விட்டதாம். அப்போது மதுவிலக்குக் காலம். எல்லைக்கு அப்பால் மைசூர் ராஜ்யத்திலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்ப்பார்கள். வரிசையில் நின்று நின்று நகர வேண்டும். 'டி'யில் போட்டுப் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் இன்ஜின் விக்கி விக்கி நின்றிருக்கிறது. கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் தள்ளிவிட்டார்கள். லாரிக்காரர்கள் சிரித்தார்களாம். பங்களா ஐயா கொதித்துப்போய், இனி ஒரு தடவை நின்றால் வண்டியைக் கொளுத்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் பானட்டைத் தூக்கினேன். 'என்'னில் வைத்து ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தேன். ஐட்லிங், அதாவது இன்ஜின் சும்மா ஓடுகிற வேகம், கொஞ்சம் இறங்கித் தொங்கலாக இருந்தது. ஏன் தொங்குகிறது என்று தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டரில் இருக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். இன்ஜின் கணீரென்று ஓடியது. 'டி'யில் போடச் சொன்னேன், நிற்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாம் நாள் முனியப்பா திரும்பி வந்தார். நான் ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தேன். அவர் குனிந்து சொன்னார்.

"மேஸ்திரி, இஞ்சின் இப்ப நிக்கறதில்ல, சரிதான். ஆனா வண்டி இழுக்குது. பிரேக்க அழுத்திப் புடிச்சாலும் முன்னால முன்னால போவுது. காலைல குளிர்ல எடுத்தா இன்னும் மோசம். நீங்க ஒரு தடவ ஏறி உக்காந்து பாருங்க."

நான் லாரிக்குக் கீழிருந்தே சொன்னேன். "கிளட்ச் இல்லாத வண்டி முனியப்பா. அது அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் இரண்டும் அங்கேயே நின்றன. பிறகு போய்விட்டன. நான் சொன்னதில் பொய் இல்லை, பாருங்கள். அந்த ரக வண்டி இழுக்கத்தான் செய்யும். எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கேள்வி. அதை அவருடைய கால் சொன்னது, நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று நம் பக்கத்தில் வண்டிக்கு என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி எடுப்போம். பங்களாவில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது பூஜை செய்வதுதான் மரியாதை என்பார் ஐயா. பழைய வண்டிகளில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நியூட்ரலில் போட்டால் வண்டி கல் மாதிரி நிற்கும்.

காலை ஏழு மணி. ஐப்பசிக் குளிர், பனி இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் தானாகவே வேகத்தைக் கூட்டிவிடும். அதற்கு மேல் என்னுடைய ஒன்றரைச் சுற்று. சாமி காரியம் என்று முனியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருந்தார். வண்டியைக் கழுவின ஈரம் காலில் இருந்தது. ஐயா கற்பூரத்தை ஏற்றிவிட்டு, ரெடியாக இரு என்றார். முனியப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் போட்டார். அதே நேரம் வலது முன்சக்கரத்துப் பழம் உருண்டு விலகியதை எல்லம்மா பார்த்தார். எட்டிக் குனிந்து அதைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தார். ஸ்டியரிங் இடது பக்கம், பானட் அவ்வளவு நீளம். குனிந்த ஆள் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வண்டி ஒரு சாண்தான் நகர்ந்தது. எல்லம்மாவின் வலது கையில் இரண்டு விரல் சக்கரத்துக்குக் கீழே போய்விட்டது.

பங்களா ஐயா கெட்டவர் இல்லை. அதே காரில் தானே எல்லம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய மருமகன் ஓட்டினான். ஆனால் வெறுங்கால், ஈரம், வழுக்கிவிட்டது, கவனக்குறைவு என்று அன்றே பேச்சு முடிவாகிவிட்டது. முனியப்பாவும் அதைத்தான் சொன்னார். என் கால்தான் வழுக்கியிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

மறுநாள் எனக்கு ஆள் வந்தது. போனேன். ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். பேரப்பிள்ளைகள் போகிற வண்டி, இனி முனியப்பாவை எப்படி நம்புவது என்று அவருக்குக் கவலை. பிரேக்கைச் சோதித்துச் சொல்லச் சொன்னார். பிரேக்கில் கோளாறு என்றால் முனியப்பா பேரில் தப்பில்லை. பிரேக் சரியாக இருந்தால் முனியப்பா வேலையையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டியதுதான்.

நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பிரேக் புதுசு மாதிரி இருந்தது. திரும்ப மாட்டிவிட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறி, ஸ்டார்ட் செய்து 'டி'யில் போட்டேன். வண்டி என் காலுக்குக் கீழே முண்டியது. வழக்கமாகப் பிரேக்கில் வைக்கிற அழுத்தம் போதவில்லை. இன்னும் அழுத்தினேன். முனியப்பா குனிந்து நின்று சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"பிரேக் எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லு" என்றார் ஐயா.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

தம்பிகளா, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த வேண்டும் என்று நினைத்து வந்தேன். நான் சொன்னது சுத்தமான உண்மை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்த உண்மையைச் சொல்லித்தான் ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அதோடு விட்டேனா? ஐயா உள்ளே போனதும் பானட்டைத் தூக்கி, ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி, பழைய இடத்திலேயே வைத்தேன். இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். முனியப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், ஊத்தங்கரைப் பக்கம் மச்சான் இருக்கிறான், அவனோடு கூலி வேலைக்குப் போய்விடுவேன், இனி ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றார். தன் காலையே பார்த்துக்கொண்டு பேசினார்.

எல்லம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அவுரு கால் வழுக்கல, மேஸ்திரி. வழுக்கியிருந்தா வண்டி ஒரே பாய்ச்சலா என்மேல ஏறிப் போயிருக்கும். அது மெதுவாத்தான் வந்துச்சு. மொதல்ல பழம் நசுங்கி சாறு வந்துச்சு, அப்புறம்தான் என் கை. நான் கீழ இருந்து பாத்தேன். என்னைத்தான் யாரும் கேக்கலையே."

மெக்கானிக் நான். காது கொடுத்துக் கோளாறு சொல்கிறவன். அந்த அம்மாள் சொன்னதில் எல்லாம் இருந்தது. கால் நழுவியிருந்தால் அந்த வேகத்துக்கு வண்டி போர்டிகோ படிக்கட்டில் போய் இடித்திருக்கும். ஒரு சாணில் நின்றது என்றால் பிரேக்கில் கால் இருந்திருக்கிறது. அந்தக் காலை மீறி வண்டியைத் தள்ளினது என் ஸ்க்ரூ. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். ஸ்க்ரூவைத் திருப்பினதையும் சொன்னேன், திருட்டுத்தனமாகத் திரும்ப வைத்ததையும் சொன்னேன்.

முனியப்பா என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் கால் வழுக்கலையா?" என்று மூன்று தடவை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. எல்லம்மா மட்டும் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, "அவுரு வந்து சொன்னப்பவே நீங்க ஏறிப் பாத்திருக்கலாம்" என்றார்.

ஷெட்டுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் பட்டாளத்து வண்டிகளில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். பங்களாவின் லாரி, ஜீப், டிராக்டர் எல்லாமே எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தது. அது அத்தனையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். டீயைக் குடித்து முடித்துவிட்டு எவ்வளவு திருப்பினாய் என்று கேட்டார். ஒன்றரைச் சுற்று என்றேன்.

"வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு. அதே ஒன்றரைய வெச்சு, அவரு காலுக்கே காட்டு. நானும் வரேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அதே குளிரில், அதே வாசலில் நின்றோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, இன்ஜின் ஜில்லென்று இருந்தது. நான் பானட்டைத் தூக்கி ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். முன்சக்கரங்களுக்கு ஒரு சாண் தள்ளிக் கனமான மரக்கட்டை வைத்தேன். வலது சக்கரத்தை ஒட்டி ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு ஐயாவிடம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதலாளி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறினார்.

ஸ்டார்ட் செய்து, எப்போதும் போலப் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் போடச் சொன்னேன். போட்டார். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி முன்னால் ஊர்ந்தது. பழம் பிதுங்கி நசுங்கியது. சக்கரம் கட்டையில் போய் முட்டி நின்றது. நான் கையை நீட்டி இன்ஜினை அணைத்தேன்.

ஐயா இறங்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தது.

"நான் அழுத்திக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றார்.

"முனியப்பாவும் அழுத்திக்கிட்டுத்தாங்க இருந்தாரு" என்றேன்.

பிறகு முழுவதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்று கேட்டார், பிரேக் நல்லா இருக்கு என்று அன்றைக்குச் சொன்னாயே, அப்போதே இது உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்காமல் இந்த வாசலைத் தாண்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கண்டுபிடித்தேன். எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? கால் மணி நேரம். அந்த வண்டியில் மழைக்கு ஓடுகிற வைப்பர், இன்ஜின் உறிஞ்சுகிற காற்றில்தான் வேலை செய்யும். அதற்கு ஒரு ரப்பர்க் குழாய் போகும். குழாய் பின்பக்கம் வெடித்து, காற்றுத் திருட்டாக உள்ளே போய், ஐட்லிங் தொங்கியிருக்கிறது. வெடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மாட்டி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். 'டி'யில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி விக்கவும் இல்லை, முண்டவும் இல்லை. முதல் நாளே அந்தக் கால் மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் அந்த அம்மாளின் இரண்டு விரலும் கெட்டிருக்காது.

அன்று மத்தியானமே ஐயா பெங்களூருக்குப் போய், முனியப்பாவைக் கையோடு கூட்டி வந்தார். வேலையும் வீடும் திரும்பக் கிடைத்தன. ஆனாலும் ஒரு மாசம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எல்லம்மாதான் திட்டித் திட்டி உட்கார வைத்தார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய விரல்கள் இருந்தன, மடங்கவில்லை. இலை பறிக்கிற வேகம் போனது போனதுதான். பங்களாவின் வண்டிகள் எதுவும் அதன்பிறகு எங்கள் ஷெட் பக்கம் வரவில்லை. முதலாளி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முனியப்பா ஷெட்டுக்கு வந்து நின்றார். காலையில் பங்களாவுக்கு வரச் சொன்னார். ஐயா சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, எல்லம்மா சொன்னாள் என்றார்.

போனேன். கார் மாலை போட்டு நின்றது. இன்ஜின் ஓடவில்லை. கற்பூரம் காட்டும்போதும் ஓடவில்லை. அந்த வழக்கத்தை ஐயா விட்டுவிட்டார். சாவி எல்லம்மாவின் வலது கையில் இருந்தது, மடங்காத இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே. இடது கையால் நாலு பழத்தையும் அவரே வைத்தார். அவசரமே படவில்லை. வைத்து முடித்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நன்றாக விலகிப் போய் நின்றார். முனியப்பா சாவிக்குக் கையை நீட்டினார். எல்லம்மா கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, நீங்க மொதல்ல ஏறிப் பாருங்க. அப்புறம் அவுரு ஏறட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றினேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, வெறுங்காலைப் பிரேக்கில் வைத்து 'டி'யில் போட்டேன். காலுக்குக் கீழே மெதுவாக, சாதுவாக ஓர் இழுப்பு. வண்டி நகரவில்லை. முனியப்பா சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு, பழம் முழுசாக இருக்கிறது என்று எல்லம்மாவிடம் தெலுங்கில் சொன்னார். எல்லம்மா தலையை ஆட்டினார். நான் கம்பியை 'என்'னுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கி முனியப்பாவுக்கு வழி விட்டேன்.